பிரிந்தவர்கள் கூடி வாசித்த இசைத்தட்டு

நேயர்களே, இந்தத் தொடரில் நூல்களைப் பற்றியே அதிகம் பேசி வருகிறோம். இந்த வாரம் சில இசைத்தட்டுகளைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணுகிறேன். இலக்கியத் தொடரில் இசைத்தட்டுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். பிரிவும் கூடலும் நமது இலக்கியத்தின் பழைய பொருள்கள். அந்தப் பொருளைச் சொற்கள் இல்லாமலே சொன்ன ஒரு குழு ஐரோப்பாவில் இருந்தது. ஆறு ஆண்டுகள் பிரிந்திருந்து மீண்டும் கூடி வாசித்த குழு அது. அவர்களது இசையை 'ஜிப்சி ஜாஸ்' என்பார்கள்.

'ஜிப்சி' என்றதும் இலங்கையில் நமக்கு இரண்டு நினைவுகள் வருவதுண்டு. ஒன்று, பாம்புக் கூடையுடன் ஊரூராகச் செல்லும் குறவர்கள். சிங்களத்தில் அவர்களை அஹிகுண்டிகர் என்பார்கள். அவர்களது வீட்டு மொழி தெலுங்கின் ஒரு வழக்கு. வெளியே சிங்களமும் தமிழும் பேசுவார்கள். அம்பாறை மாவட்டத்து அளிக்கம்பையில் அவர்கள் ஓர் ஊராகவே வாழ்கிறார்கள். மற்றது, காலஞ்சென்ற சுனில் பெரேரா பாடிய 'ஜிப்சீஸ்' பைலாக் குழு. நான் சொல்லப்போவது இந்த இரண்டையும் அல்ல. ஐரோப்பாவில் 'ரோமா' என்று தம்மை அழைத்துக்கொள்ளும் மக்களைப் பற்றியது இது.

மனுஷன் என்ற பெயர்

இந்த ரோமா மக்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்ற கேள்விக்கு அவர்களது மொழியே பதில் சொன்னது. ரோமானி மொழி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்களின் மொழி அது என்று மொழியியலாளர் கூறுகின்றனர். தண்ணீருக்கு அவர்கள் 'பானி' என்கிறார்கள். மூக்குக்கு 'நாக்'. காதுக்கு 'கன்', இது சிங்களத்தில் 'கண'. கறுப்புக்கு 'காலோ', சிங்களத்தில் 'களு'. இரத்தினபுரிச் சந்தையில் சிங்களம் கேட்டு வளர்ந்த நம்மவர் ஒருவருக்கு ரோமானி மொழியில் நாலு சொல்லாவது பிடிபடும்.

பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம் வாழும் ரோமா மக்களின் ஒரு பிரிவினருக்கு 'மனூஷ்' என்று பெயர். அதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. நமது தோட்டத்து வழக்கில் 'மனுஷன்' என்று சொல்வது எதுவோ அதுவே. தங்களை மனுஷர் என்று அழைத்துக்கொண்ட ஒரு கூட்டத்தினரை மனிதராக எண்ணாத சட்டங்கள் ஐரோப்பாவில் பல இருந்தன. பிரான்சில் 1912ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஊர் சுற்றி வாழ்பவர் ஒவ்வொருவரும் கைரேகையும் உடல் அளவுகளும் பதித்த ஒரு சிறு புத்தகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்றது. ஊருக்குள் வரும்போதும் போகும்போதும் அதில் முத்திரை விழவேண்டும். நமது பாட்டன்மார் காலத்தில் தோட்டங்களில் 'துண்டு' முறை இருந்தது. கடன் தீர்ந்தது என்ற துண்டு இல்லாமல் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் அது ஒழிக்கப்பட்டது. இரண்டு நாடுகளிலும் மனுஷனுடைய நடமாட்டத்தைக் கடதாசி தீர்மானித்தது என்பதை மாத்திரம் இங்கே குறித்துக்கொள்வோம்.

இரண்டு விரல்கள்

அந்த மனூஷ் மக்களிடையே, பெல்ஜியத்தின் லிபெர்ஷி என்ற சிற்றூரில் நின்ற வண்டி ஒன்றில், 1910 ஜனவரி 23ஆம் திகதி ஒரு குழந்தை பிறந்தது. பெயர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். பாரிஸ் நகரின் ஓரத்து வண்டிக் குடியிருப்புகளில் வளர்ந்தான். பள்ளிக்கூடம் இல்லை. எழுத்து வாசனை மிகக் குறைவு. இசைக்குறியீடு வாசிக்கத் தெரியாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே நடன மண்டபங்களில் பாஞ்சோ வாசித்துச் சம்பாதித்தான்.

1928ஆம் ஆண்டு, ஜாங்கோவுக்குப் பதினெட்டு வயது. அவன் மனைவி விற்பனைக்காகச் செலுலோயிட் பூக்கள் செய்து வண்டி நிறைய வைத்திருந்தாள். இரவில் மெழுகுவர்த்தித் தீ அதில் பட்டது. இருவரும் உயிர் தப்பினார்கள். ஆனால் ஜாங்கோவின் இடது கை வெந்துபோயிற்று. மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. நீண்ட காலம் படுக்கையில் கிடந்தவனிடம் தம்பி ஜோசப் ஒரு கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தார். எஞ்சிய ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கொண்டு அவன் வாசிப்பை முதலிலிருந்து பழகினான்.

கிட்டார் வாசிப்பவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். நான்கு விரலால் குறுக்கே பிடிக்க வேண்டியதை இரண்டு விரலால் பிடிக்க முடியாது. ஆகவே ஜாங்கோவின் கை தந்தியின் குறுக்கே போகாமல் நெடுக்கே ஓடியது. ஒரே தந்தியில் மேலும் கீழும் பறக்கும் அந்த ஓட்டமே பின்னர் அவரது முத்திரை ஆயிற்று. மடங்கிய விரல்களையும் அவர் வீணாக்கவில்லை. மேல் தந்திகளில் ஸ்வரக்கூட்டு பிடிக்க அவற்றைப் பயன்படுத்தினார். இன்று பத்து விரலும் நன்றாக உள்ள இளைஞர்கள் அந்த இரண்டு விரல் ஓட்டத்தைப் பழகுவதற்கு ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள்.

மேளம் இல்லாத தாளம்

1934இல் பாரிசில் 'ஹொட் கிளப் டு பிரான்ஸ்' என்ற ஜாஸ் இரசிகர் சங்கத்தின் பெயரில் ஓர் ஐவர் குழு தோன்றியது. வயலினில் ஸ்டெஃபான் கிரப்பெல்லி. இத்தாலியத் தந்தைக்குப் பாரிசில் பிறந்தவர். ஜாங்கோவைவிட இரண்டு வயது மூத்தவர். தனிக் கிட்டாரில் ஜாங்கோ. துணைக்கு இரண்டு கிட்டார்கள். அவற்றில் ஒன்று தம்பி ஜோசப். பெரிய பேஸ் வயலினில் லூயி வோலா. அமெரிக்க ஜாஸ் என்றால் ஊதுகுழலும் மேளமும் என்றிருந்த காலம் அது. இவர்களிடம் ஊதுகுழலும் இல்லை, மேளமும் இல்லை. ஐந்தும் தந்தி வாத்தியங்கள்.

அப்படியானால் தாளத்தைப் பிடித்தது யார்? துணைக் கிட்டார்கள்தான். பிரெஞ்சுக்காரர் அந்த வாசிப்பை 'போம்ப்', அதாவது பம்பு என்பார்கள். வலது கை தந்திகளை ஓங்கித் தட்டும். அடுத்த கணம் இடது கை பிடியைத் தளர்த்தி ஒலியை அறுத்துவிடும். நாதம் நீளாமல் 'சக்' என்று நிற்கும். நமது தப்பில் ஒரு கை அடிக்க மறு கை தோலை அமர்த்துவதை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். இந்தக் குழு வாசித்த கிட்டாரும் தனி வகை. மாரியோ மக்காஃபெரி என்ற இத்தாலியர் வடிவமைத்து, பாரிசின் செல்மர் நிறுவனம் 1932இல் வெளியிட்டது. மின்சாரம் இல்லாமலே சத்தமான நடன மண்டபத்தில் எட்டக்கூடிய கணீர் ஒலி அதற்கு உண்டு.

இனி 'ஸ்விங்' என்ற சொல். ஊஞ்சல் ஆட்டம் என்று பொருள். ஓர் அடியைச் சமமாக இரண்டாகப் பிரித்தால் 'தக தக' என்று வரும். மூன்றாகப் பிரித்தால் 'தகிட தகிட' என்று திஸ்ர நடை வரும். ஸ்விங் வாசிப்பவன் அந்த மூன்றில் முதல் இரண்டையும் ஒட்டி நீட்டி, மூன்றாவதைத் தொட்டும் தொடாமலும் விடுகிறான். 'தா...ட, தா...ட' என்று நொண்டி விளையாடுவதுபோல ஒரு நடை பிறக்கிறது. அழுத்தமும் முதல் அடியில் விழாமல் இரண்டாவதிலும் நான்காவதிலும் விழும். பைலா கேட்டுப் பழகிய இலங்கையருக்கு இது முழுக்க அந்நியமல்ல. பைலாவும் மூன்று மூன்றாக எண்ணும் நடையில்தான் உடம்பை ஆட்டுகிறது. அதுவும் போர்த்துக்கேயரும் ஆபிரிக்கரும் இந்தத் தீவில் விட்டுச்சென்ற கலப்பிலே பிறந்தது.

கலப்பு என்ற சொல்லை வேண்டுமென்றே சொல்கிறேன். ஜிப்சி ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பு மக்களின் இசையை, பாரிஸ் நடன மண்டபத்து மெட்டுகளோடு, ரோமா மக்களின் தந்தி வாசிப்பினூடாகக் கேட்பது. எவருடைய தனிச்சொத்தும் அல்ல. அதனால்தான் அது எல்லோருக்கும் கேட்டது.

1939 செப்டெம்பர்

ஐவர் குழு இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தபோது இரண்டாம் உலகப்போர் அறிவிக்கப்பட்டது. ஜாங்கோ உடனே பாரிசுக்குத் திரும்பினார். கிரப்பெல்லி லண்டனில் தங்கிவிட்டார். இடையே ஒரு சிறு கடல்தான். ஆனால் அடுத்த ஆண்டு பாரிஸ் ஜேர்மனியரின் கையில் விழுந்தபோது அந்தக் கடல் மிக அகன்றதாயிற்று.

லண்டனில் குண்டு விழுந்த நாட்களில் கிரப்பெல்லி வாசித்துக்கொண்டிருந்தார். ஜோர்ஜ் ஷியரிங் என்ற கண்பார்வையற்ற இளம் பியானோக் கலைஞர் அவரது துணைவரானார். பாரிசில் ஜாங்கோ வயலினுக்குப் பதிலாகக் கிளாரினெட்டைச் சேர்த்துக்கொண்டு புதிய குழு அமைத்தார். 1940 இறுதியில் அவர் ஒலிப்பதிவு செய்த 'நுவாஜ்' என்ற சிருஷ்டி ஆக்கிரமிக்கப்பட்ட நகரத்தில் பெரும் புகழ் பெற்றது. 'மேகங்கள்' என்று பொருள். சொல் எதுவும் இல்லாத அந்த மெட்டைப் பாரிஸ் மக்கள் தங்கள் துயரப் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அதே வேளையில் அவருடைய மக்களுக்கு என்ன நேர்ந்தது? நாஸிகள் ஐரோப்பா முழுவதும் ரோமா, சிந்தி மக்களைக் கொன்றார்கள். குறைந்தது இரண்டரை இலட்சம் பேர் மாண்டதாக ஆய்வாளர் கணக்கிடுகின்றனர். ஐந்து இலட்சம் வரை இருக்கலாம் என்போரும் உண்டு. இந்தக் கொலைகள் இனத்தின் பெயரால் நடந்தவை என்பதை மேற்கு ஜேர்மனி 1982இல்தான் ஏற்றுக்கொண்டது. பிரான்சிலே, ஜேர்மனியர் வருமுன்பே 1940 ஏப்ரலில், நாடோடிகள் நடமாடக்கூடாது என்று அரசு ஆணையிட்டிருந்தது. பின்னர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டனர்.

ஜாங்கோவை அவரது புகழ் காத்தது. 1943இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்ப முயன்று பிடிபட்டபோதும், ஜாஸ் விரும்பியான ஒரு ஜேர்மன் அதிகாரி அவரை விட்டுவிட்டார் என்று அவரது சரிதைகள் கூறுகின்றன. தன்னைக் கேட்டுக் கைதட்டும் கூட்டத்தின் ஒரு பகுதியே தன் இனத்தை அழித்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் மேடையில் ஸ்விங் வாசித்தார். இதை எப்படி மதிப்பிடுவது? பிழைப்புக்காக வாசித்தார் என்பது எளிய பதில். என் அபிப்பிராயத்தில், வாசிப்பதே அவருக்குத் தெரிந்த ஒரே அடையாள அட்டையாக இருந்தது.

கூடல்

போர் முடிந்தது. 1946 ஜனவரியில் ஜாங்கோ லண்டன் வந்தார். கிரப்பெல்லியும் அவரும் ஆறு ஆண்டுகளுக்குப் பின் சந்தித்தார்கள். பேச்சு வராமல் இருவரும் வாத்தியத்தை எடுத்தார்கள் என்றும், கையில் முதலில் வந்தது பிரான்சின் தேசிய கீதம் என்றும் சொல்வார்கள். கதை எப்படியானாலும் இசைத்தட்டு இருக்கிறது. ஜனவரி 31, பெப்ரவரி 1 ஆகிய இரண்டு நாட்களில் எட்டு உருப்படிகள் பதிவாயின. அவற்றில் ஒன்று 'மார்செயேஸ்' கீதம். 'எக்கோஸ் ஒஃப் பிரான்ஸ்', பிரான்சின் எதிரொலிகள், என்ற பெயரில் வெளிவந்தது. இன்னொன்று, இம்முறை கிரப்பெல்லியின் வயலினோடு, அதே 'நுவாஜ்'.

அந்த அறையில் இருந்தவர்களை எண்ணிப் பாருங்கள். பெல்ஜியத்தில் பிறந்த ரோமா ஒருவர். இத்தாலியரின் மகனான பாரிஸ்காரர் ஒருவர். கிட்டார் பிடித்த ஆங்கிலேயர் இருவர். பேஸ் வாசித்தவர் கோல்ரிட்ஜ் குட், ஜமேக்காவின் கிங்ஸ்டன் நகரத்தவர். ஆங்கிலம் ஜாங்கோவுக்குப் பழக்கமில்லாத மொழி. இப்படி ஐந்து பேர் சேர்ந்து ஒரு நாட்டின் கீதத்தை, அணிவகுப்பு நடையை விட்டு ஊஞ்சல் நடையில் வாசித்தார்கள்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. அந்த ஜனவரியில் பிரான்சிலே முகாம்களில் இருந்த ரோமா மக்கள் எல்லோரும் விடுவிக்கப்படவில்லை. பிரான்ஸ் விடுதலை பெற்று ஒன்றரை ஆண்டு கடந்தும், அங்குலேம் நகருக்கு அருகிலிருந்த முகாமில் சில குடும்பங்கள் 1946 நடுப்பகுதி வரை அடைபட்டுக் கிடந்தன. சுதந்திரத்தைப் போற்றும் கீதத்தை ஒரு மனூஷ் கலைஞன் லண்டனில் வாசிக்கிறான்; அதே கீதத்துக்கு உரிய நாட்டில் அவனுடைய உறவுக்கூட்டம் கம்பிக்குள் இருக்கிறது. 2016இல்தான் பிரெஞ்சு ஜனாதிபதி ஒருவர் முன்னாள் முகாமொன்றில் நின்று நாட்டின் பொறுப்பை ஒப்புக்கொண்டார். இந்தச் செய்தியை அறிந்தபின் அந்த மூன்று நிமிட இசைத்தட்டு எனக்கு முன்போல் கேட்கவில்லை. கீதத்தின் மெட்டு முழு உருவில் வந்து, பிறகு கரைந்து ஸ்விங்காக மாறும் இடத்தில், அதைப் பாராட்டாகவும் கேட்கலாம், கேள்வியாகவும் கேட்கலாம்.

கூடியவர்கள் பழையபடி ஆனார்களா? இல்லை. அந்த ஆண்டின் இறுதியில் ஜாங்கோ அமெரிக்கா சென்று டியூக் எலிங்டனின் குழுவோடு மேடையேறினார். மின்சாரக் கிட்டார் வந்தது. 'பீபொப்' என்ற புதிய ஜாஸ் வந்தது. ஜாங்கோவின் காது அந்தப் பக்கம் திரும்பியது. 1949இன் தொடக்கத்தில் ரோம் நகரில் இருவரும் மீண்டும் கூடினார்கள். இத்தாலியப் பியானோ, பேஸ், மேளக்காரர்களோடு அறுபதுக்கும் மேற்பட்ட உருப்படிகளைப் பதிவு செய்தார்கள். அவற்றில் பல, ஜாங்கோ 1953 மே 16ஆம் திகதி நாற்பத்துமூன்று வயதில் இறந்த பின்னரே உலகுக்குக் கிடைத்தன. 1961இல் 'ஜாங்கோலஜி' என்ற நீண்ட இசைத்தட்டாக ஒரு பகுதி வெளிவந்தது.

மீண்டும் கூடிய குழுவிடம் நாம் வழக்கமாகக் கேட்பது பழைய பாட்டை. அவர்கள் நமது இளமையைத் திருப்பித் தரவேண்டும் என்பது நம் எதிர்பார்ப்பு. ரோம் பதிவுகளின் பெருமை, அவை அதைத் தர மறுப்பதுதான். இருவரும் ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள். ஆனால் ஒருவருக்குத் தெரியாத பத்து ஆண்டு மற்றவரிடம் இருக்கிறது. அந்தத் தெரியாமையை மறைக்காமல் வாசிக்கிறார்கள். வயலின் பழைய இனிமையில் நிற்க, கிட்டார் புதிய கோணங்களில் போய்த் திரும்புகிறது.

யாழ்ப்பாணத்துச் சிறுவன்

இந்தக் கதைக்கு நம்மோடு ஒரு நேர்த் தொடர்பு உண்டு. கிரப்பெல்லி நீண்ட ஆயுள் பெற்றவர். 1997 டிசெம்பரில் தமது எண்பத்தொன்பதாவது வயதில் காலமானார். முதுமையில் யெஹுதி மெனுஹினோடு சேர்ந்து வாசித்தார். நமது எல். சுப்பிரமணியத்தோடும் 'கொன்வர்சேஷன்ஸ்', உரையாடல்கள், என்ற இசைத்தொகுப்பில் சேர்ந்து வாசித்தார்.

வயலின் மேதை எல். சுப்பிரமணியத்தின் தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். சுப்பிரமணியத்தின் பிள்ளைப்பருவம் அங்கேதான் கழிந்தது. 1958 இனக்கலவரத்தின் பின் அந்தக் குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. அப்போது அவருக்குப் பத்து, பதினொரு வயது. போர் ஒன்றினால் லண்டனில் ஒதுங்கிய வயலினும், கலவரம் ஒன்றினால் யாழ்ப்பாணத்தை விட்டுப்போன வயலினும் பல ஆண்டுகளுக்குப் பின் ஒரே அறையில் உரையாடின. ஒருவருக்கு இராகம், மற்றவருக்கு ஜாஸ். இருவருக்கும் பொதுவானது மனோதர்மம்: எழுதிவைக்காததை அந்த நேரத்தில் படைப்பது. 'உரையாடல்கள்' என்ற பெயரைவிட அதற்குப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

ஐந்து என்ற எண்

ஜாங்கோவின் வழி அவரோடு நின்றுவிடவில்லை. 1990களில் பாரிசில் 'பாரிஸ் கொம்போ' என்ற ஐவர் குழு புகழ் பெற்றது. பாடியவர் பெல் டு பெரி என்ற பிரெஞ்சுப் பெண்மணி. வரிகளையும் அவரே எழுதினார். கிட்டாரில் ஜிப்சி பாணியில் தேர்ந்த போட்ஸி. எக்காளமும் பியானோவும் டேவிட் லூவிஸ் என்ற அவுஸ்திரேலியர். பேஸ் வாசித்த மனோ ரஸானஜாட்டோவின் வேர் மடகஸ்காரில். 1997, 1999, 2001, 2004 என நான்கு தொகுப்புகள் வந்தன. அதன்பின் குழு ஓய்ந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் கூடி 2013இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். அதன் பெயர் வெறுமனே '5'. ஐந்தாவது தொகுப்பு, ஐந்து பேர். 'திரும்பி வந்தோம்' என்று தலைப்பிடாமல் எண்ணிக்கையை மாத்திரம் சொன்ன அடக்கம் எனக்குப் பிடிக்கிறது. 

அந்த எண்ணிக்கை நிலைக்கவில்லை. பெல் டு பெரி 2020 ஓகஸ்டில் ஐம்பத்துநான்கு வயதில் மறைந்தார். அவரது குரலோடு 2022இல் வெளிவந்த தொகுப்பின் பெயர் 'கெசாகோ?'. தென் பிரான்சின் பழைய மொழியான ஒக்சித்தானிலிருந்து வந்த சொல், 'இது என்ன?' என்று பொருள். பிரெஞ்சுப் பாட்டின் தலைவாசலில், பிரெஞ்சு ஆட்சியில் ஒதுங்கிப்போன ஒரு மொழியின் சொல் நிற்கிறது.

நமது பன்மொழிப் பாட்டு

ஒரு பாட்டில் பல மொழி கலப்பது நமக்கும் புதிதல்ல. 1970களில் இலங்கையில் தமிழ்ப் பொப் இசை ஓங்கியபோது நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் எல்லோர் வாயிலும் இருந்தன. 'சுராங்கனி'யில் சிங்களமும் தமிழும் ஒரே மெட்டில் கைகோத்தன. கடல் கடந்து தமிழகத்திலும் அது பாடப்பட்டது. அதை வெறும் கேளிக்கை என்று நமது விமர்சகர் சிலர் ஒதுக்கினர். ஆனால் அரசியல் மேடையில் இரண்டு மொழியும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், திருமண வீட்டில் அவை ஒரே பாட்டில் இருந்தன என்பது சிறிய செய்தியல்ல.

பல மொழிப் பாட்டு வெற்றி பெறுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு மொழிக்கும் அந்தப் பாட்டில் ஒரு வேலை இருக்கவேண்டும். அலங்காரத்துக்காக நாலு அந்நியச் சொல் சேர்த்தால் அது பாயசத்தில் போட்ட உப்புபோல் தனித்து நிற்கும். ஐவர் குழுவில் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு வேலை இருந்ததுபோல மொழிக்கும் இருக்கவேண்டும். ஒன்று தாளம் பிடிக்க, ஒன்று கதை சொல்ல, ஒன்று கேலி செய்யலாம். இது கவிதைக்கும் சிறுகதைக்கும் பொருந்தும். மலையகச் சிறுகதைகளில் தோட்டத்துத் தமிழும் சிங்களமும் துரையின் ஆங்கிலமும் வரும் இடங்களைப் பாருங்கள். எந்த மொழி அதிகாரம் செய்கிறது, எந்த மொழி கெஞ்சுகிறது, எந்த மொழி உறவாடுகிறது என்பதை நல்ல எழுத்தாளன் அறிந்தே வைத்திருக்கிறான்.

பிரிந்துபோன கூத்து

இதையெல்லாம் இரத்தினபுரியில் இருந்துகொண்டு நான் ஏன் சொல்கிறேன்? நமது தோட்டங்களிலும் பிரிந்துபோன குழுக்கள் உண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்கும் என்றது. குடும்பங்கள் பிரிந்த கதையை நாம் பலமுறை எழுதியிருக்கிறோம். கூத்துக் குழுக்கள் பிரிந்த கதையை அவ்வளவாக எழுதவில்லை. 1977இலும் 1981 ஓகஸ்டிலும் 1983 ஜூலையிலும் சப்பிரகமுவத் தோட்டங்களில் நம்மவர் தாக்கப்பட்டபோது பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். அவர்களோடு தப்பும் போயிற்று.

மாசியில் காமன் கூத்து ஆடுவதற்கு மதன் வேண்டும், ரதி வேண்டும், பாட்டு அறிந்த வாத்தியார் வேண்டும், தப்பு அடிப்பவர்கள் வேண்டும். ரதி நீலகிரியில், தப்பு வன்னியில், வாத்தியார் லயத்தில் தனியே என்றால் கூத்து நின்றுவிடும். பாட்டுகளின் சொற்கள் ஓரளவு தப்பின. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தேடித் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாக வந்தது. அது நமக்குப் பெரிய கொடை. ஆனால் அச்சில் சொல் வரும். எந்த அடியில் தப்பு நின்று எந்த அடியில் எழும் என்பது அச்சில் வராது.

1946இல் அந்த இருவரையும் ஒலிப்பதிவு அறைக்குள் உடனே அழைத்துச் சென்றவர்களை நான் நன்றியோடு எண்ணுவது இதனால்தான். இன்னும் நன்றாகப் பழகிய பிறகு பதிவு செய்யலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கைகள் பழையபடி ஆகும்வரை காத்திருந்தால் அந்தக் கைகளில் இருந்த ஆறு ஆண்டு மறைந்திருக்கும். நமது தோட்டமொன்றில் திருவிழாவுக்காக இந்தியாவிலிருந்தோ வன்னியிலிருந்தோ பழைய தப்புக்காரர் ஒருவர் வந்து, இங்குள்ளவரோடு நின்று அடிக்கும் நாள் வந்தால், யாராவது ஒருவர் கையிலுள்ள தொலைபேசியிலாவது அதைப் பதிவு செய்யுங்கள். தாளம் பிசகினாலும் பதிவு செய்யுங்கள். யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு பிரிந்தவர், எங்கிருந்து வந்தார் என்பதையும் அதிலேயே சொல்லச் செய்யுங்கள்.

நேயர்களுக்கு ஒரு சிறு பயிற்சி சொல்லி முடிக்கிறேன். 'மைனர் ஸ்விங்' என்ற உருப்படியைத் தேடிக் கேளுங்கள். 1937 நவம்பரில் ஐவர் குழு வாசித்தது ஒன்று. 1949இல் ரோமில் அதே இருவரும் வாசித்தது மற்றது. முதலாவதில் மேளம் இல்லை; இரண்டாவதில் பியானோவும் மேளமும் உண்டு. மெட்டு ஒன்றே. முதலாவதை இரண்டு முறையும் இரண்டாவதை மூன்று முறையும் கேளுங்கள். எங்கே ஒருவர் மற்றவரை எதிர்பார்த்து ஒரு கணம் நிற்கிறார் என்று கவனியுங்கள். அந்த ஒரு கணத்தை நீங்கள் கண்டுபிடித்துவிட்டால், நான் இவ்வளவு நேரம் பேசியதில் பாதி தேவையில்லாமல் போய்விடும்.